துரைக்குச் செத்தவீடு இல்லை

துரைக்குச் செத்தவீடு இல்லை என்று லண்டனில் இருந்து அவருடைய மகன் போனில் சொன்னார். பூசை இல்லை, பேச்சு இல்லை, யாரும் வரத் தேவையில்லை. பெட்டியை நேரே எரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோவார்கள், சாம்பலைப் பிறகு அனுப்பி வைப்பார்கள், அவ்வளவுதான். நல்ல மரியாதையாகத்தான் சொன்னார். நான் "ஓகே" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். எனக்கு ஆங்கிலத்தில் கோபப்படத் தெரியாது.

வேறு யாருக்காவது அப்படிச் செய்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் இந்த மனிதர் தனக்குத் தெரிந்த ஒருவருடைய செத்தவீட்டையும் விட்டதில்லை. மழை, காய்ச்சல், பஸ் ஸ்ட்ரைக் எதுவும் அவரை மறித்ததில்லை. அப்படிப்பட்டவரை ஒருத்தரும் பார்க்காமல் எரிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்பா போய் ஒன்றரை வருடத்தில் இவரும் போய்விட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் ரேடியோச் சத்தம் இல்லை.

துரை என்பது என் பெரியம்மா வைத்த பெயர். உண்மையில் அவர் அயர்லாந்தில் ஒரு பிரபு. தகப்பனுக்குப் பிறகு மகன் என்று வழிவழியாக வந்த பட்டம். அந்த நாட்டுச் சட்டத்தில் அதற்கு இப்போது மதிப்பு ஒன்றும் இல்லையாம். ஆனாலும் ஊர்ச் சனம் அப்படித்தான் கூப்பிடுமாம். ஒரு காலத்தில் அங்கே பார்லிமென்டிலும் இருந்தார். கூரை ஒழுகும் பெரிய வீடு ஒன்று இருந்தது, அதை விற்றுவிட்டார். இரண்டாவது மனைவி ஆக்லாந்துக்காரி. அவவோடு இங்கே வந்தார், அவ இறந்த பிறகும் இங்கேயே இருந்துவிட்டார். ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் எங்கள் யூனிட் வீட்டுக்கு அடுத்தது அவருடையது. நடுவில் மெல்லிய சுவர். அவருடைய ரேடியோ எங்களுக்குக் கேட்கும், எங்கள் சண்டை அவருக்குக் கேட்கும்.

நானும் அப்பாவும் அங்கே குடிவந்த அன்று பிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு படி ஏறினோம். துரை கதவைத் திறந்துகொண்டு வந்து கையை நீட்டினார். அப்பாவுக்கு இரண்டு கையிலும் பிரிட்ஜ். துரை கையை எடுக்கவில்லை, சிரித்தபடி நின்றார். கடைசியில் அப்பா பிரிட்ஜைப் படியில் வைத்து, அதை முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டு கை கொடுத்தார். நான் கீழே நின்று முழுப் பாரத்தையும் தாங்கினேன். அடுத்து எனக்கும் கையை நீட்டினார்.

மூலையில் டெய்ரி என்கிற சின்னக் கடை வைத்திருக்கும் குஜராத்திக்காரர் அடுத்த நாள் கேட்டார்.

"லோர்டுக்குக் கை குடுத்திட்டியோ?"

"ஓம்."

"போச்சு. இனி உன்ர செத்தவீட்டுக்கு வந்திடுவார்."

பகிடி என்றுதான் நினைத்தேன். ஆனால் துரையின் கணக்கு அதுதான். ஒருத்தருக்கு ஒரு தரம் கை கொடுத்தால் போதும். அந்த வீட்டில் யார் செத்தாலும் அவர் போவார். பஸ் டிரைவர், மீன் கடைப் பெண், தபால்காரர், காது கழுவிவிடும் நர்ஸ் எல்லோருக்கும் அவர் கை கொடுத்திருந்தார். அதனால் அவருக்கு எப்போதும் ஒரு செத்தவீடு இருந்தது.

பெரியம்மா இதைக் கேட்ட நாளில் இருந்து அவருக்குக் கை கொடுக்கவே இல்லை. மவுண்ட் ரொஸ்கிலில் இருந்து எங்களைப் பார்க்க வரும்போது அவர் எதிரில் வந்தால் கார்டிகனுக்குள் இரண்டு கையையும் ஒளித்துக்கொள்வார். "துரை, எனக்குக் கை தராதேங்கோ. எனக்கு இன்னும் காலம் கிடக்கு" என்று தமிழிலேயே சொல்வார். துரைக்கு ஒரு சொல்லும் விளங்காது, ஆனால் ஒவ்வொரு முறையும் கையை நீட்டிப் பார்ப்பார். கட்சி மாறாத வீட்டில் வோட்டுக் கேட்கிற ஆள் மாதிரி, சலிக்கவே மாட்டார்.

சனிக்கிழமை காலையில் பேப்பரில் மரண அறிவித்தல் வாசிப்பது என் வேலை. துரையின் கண்ணில் புரை விழுந்திருந்தது. நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். பதினாலு வயதில் இங்கே வந்து, வகுப்பில் ஒன்றும் விளங்காமல், பதினாறில் பென்ரோஸில் ஒரு வேர்ஹவுஸுக்குப் பெட்டி அடுக்கப் போனேன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். சமோவாப் பெயர், மாவோரிப் பெயர், டச்சுப் பெயர் எல்லாம் என் வாயில் உடைந்து உடைந்து வரும். துரை ஒரு நாளும் திருத்தியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பார். திடீரென்று கையைத் தூக்கி ஆங்கிலத்தில் சொல்வார்.

"நிப்பாட்டு. அது எங்கட பஸ் டிரைவரின்ர தாய். எப்ப, எங்கை எண்டு பார்."

பிறகு எழும்பிக் கறுப்புக் கோட்டைத் துலக்கத் தொடங்குவார். என் பெயர் தம்பி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தார். அப்பா அப்படிக் கூப்பிடுவதைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கிறார். நானும் திருத்தவில்லை.

சில நாள் அவரோடு நானும் போனேன், படியில் கையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று. எல்லா இடத்திலும் ஒரே மாதிரித்தான் நடப்பார். வாசலில் ஒரு நிமிடம் நின்று அறை முழுவதையும் பார்ப்பார். பிறகு குடும்பத்து ஆட்கள் இருக்கும் வரிசைக்குப் போய் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, "உங்கட துன்பத்துக்கு வருந்துறன்" என்பார். அவருடைய ஊரில் அதுதான் சொல்கிற வசனமாம். அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல மாட்டார். நல்ல இடத்துக்குப் போய்விட்டார், காலம் ஆற்றும், அந்த மாதிரிக் கதை எதுவும் இல்லை. பிறகு தேத்தண்ணி குடிப்பார். இரண்டு சான்ட்விச் சாப்பிடுவார். மூன்றாவதைக் கைலேஞ்சியில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைப்பார். பஸ்ஸில் அதில் பாதி எனக்கு.

அப்பாவின் செத்தவீட்டைச் சொல்ல வேண்டும்.

அப்பாவும் நானும் ஒரே வேர்ஹவுஸ், வேறு வேறு ஷிப்ட். அப்பா விடியப்புறமே போய்விடுவார். கதவைச் சாத்தும்போது "தம்பி, போட்டு வாறன்" என்பார். நான் போர்வைக்குள் இருந்து "ம்" என்பேன். ஒரு நாள் அப்படிப் போனவர் வேலை இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

எனக்கு அம்மா இல்லை. யாழ்ப்பாணத்தில் நான் சின்னவனாக இருந்தபோதே போய்விட்டார். இங்கே எங்களுக்கு இருந்தது அம்மாவின் அக்காவான பெரியம்மா ஒருவர்தான். செத்தவீடு நடத்தும் பார்லரில் பெரிய அறையா சின்ன அறையா என்று கேட்டார்கள். பெரியம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார்.

"சின்னது காணும். உன்ர கொப்பர் ஆற்ற செத்தவீட்டுக்குப் போனவர்? வேலை, வீடு, வேலை, வீடு. இப்ப ஆர் வரப்போகினம்?"

அது உண்மைதான். அப்பா கூச்சக்காரர். கோயிலுக்குப் போனாலும் சனம் கலைந்த பிறகுதான் போவார். அந்தச் சின்ன அறையில் அடுக்கியிருந்த வெறும் கதிரைகளைப் பார்த்தபோது, அப்பா செத்ததை விட அதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது.

துரை முதல் ஆளாக வந்தார். குருக்களுக்கும் முன்னால் வந்து முதல் வரிசை ஓரத்தில் இருந்தார். அவருக்குப் பின்னால் சனம் வரத் தொடங்கியது. டெய்ரிக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கடைசி யூனிட்டில் இருக்கும் சமோவாக் குடும்பம் முழுதாக வந்தது. வேர்ஹவுஸில் இரவு ஷிப்ட் முடித்தவர்கள் மஞ்சள் அங்கி கழற்றாமல் வந்தார்கள். அப்பா ஏறுகிற பஸ்ஸின் டிரைவர் வந்தார். எல்லா வீட்டுக் கதவையும் துரை தன் கைத்தடியால் தட்டிச் சொல்லியிருக்கிறார், அது எனக்குப் பிறகுதான் தெரியும். கதிரை போதாமல் சனம் சுவரோடு நின்றது. குருக்கள் தேவாரத்தை முடித்து மூச்சு எடுத்த நேரத்தில் சமோவாக்காரர்கள் தங்கள் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். குருக்கள் அது முடியும்வரை கைகட்டி நின்றார்.

எல்லாம் முடிந்து, துரை பெட்டிக்குப் பக்கத்தில் வந்தார். அதன்மேல் உள்ளங்கையை வைத்தார். பிறகு தெளிவாக, தமிழில், அறை முழுவதற்கும் கேட்கிற மாதிரி, "தம்பி, போட்டு வாறன்" என்றார்.

அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது. அந்த இழுவை, கடைசியில் குரல் இறங்குவது, எல்லாம் அப்படியே. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒவ்வொரு விடியற்காலையும் கேட்டுப் பாடமாக்கியிருக்கிறார். தமிழர் மரியாதையாகப் பிரிகிறபோது சொல்லும் வசனம், அந்தத் தம்பியையும் சேர்த்து, அதுதான் என்று நினைத்திருக்கிறார். அதுவரை எனக்கு அழுகை வரவில்லை. அப்போது நிலத்தில் குந்தி அழுதேன்.

அவர் நிற்கவில்லை. பெரியம்மாவுக்கு ஒரு "தம்பி, போட்டு வாறன்". குருக்களுக்கு ஒன்று. வந்திருந்த தமிழ்ச் சனம் ஒவ்வொருவருக்கும் ஒன்று. எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பெரியம்மா நெற்றியில் அடித்தார்.

"ஐயோ, செத்தவீட்டில ஆரும் போட்டு வாறன் எண்டு சொல்லுறதே? இன்னொரு சாவுக்கு வாறன் எண்டெல்லோ அது. இந்தாளுக்குச் சொல்லிக் குடுத்தது நீயோ?"

"நான் சொல்லிக் குடுக்கேல்லை பெரியம்மா. அப்பாட்டக் கேட்டுப் பழகினவர்."

பெரியம்மா நெற்றியில் இருந்து கையை எடுத்தார்.

அடுத்த கிழமை நான் துரைக்கு அதை விளக்கினேன். எங்கள் ஆட்கள் செத்தவீட்டில் சொல்லிக்கொண்டு போவதில்லை, பேசாமல் எழும்பிப் போவதுதான் வழக்கம் என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஒண்டுமே சொல்லாமலோ?"

"ஒண்டுமே சொல்லாமல்."

"எங்கட ஊரில அப்பிடி எழும்பிப் போனா அடுத்த எலக்ஷனில சீட் போயிடும்."

அவருக்குச் சீட் போன கதையை அன்றைக்குத்தான் சொன்னார். அயர்லாந்தில் அரசியல்வாதி என்றால் தொகுதியில் நடக்கிற எல்லாச் செத்தவீட்டுக்கும் போக வேண்டுமாம். போகாவிட்டால் சனம் மறக்காது. இவர் இரண்டு தரம் வென்றார். மூன்றாம் தரம், எலக்ஷனுக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு கிழவி செத்துப்போனார். அன்றைக்குக் குதிரைப் பந்தயம் இருந்தது. துரை குதிரையிடம் போனார். கிழவிக்குப் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று ஒரு ஊரே இருந்தது.

"அந்தக் குடும்பத்தின்ர வோட்டாலதான் தோத்தனான். குதிரையும் தோத்துது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குள் ஒரு சந்தேகம் வந்துவிட்டது, அதை அப்படியே கேட்டேன்.

"அப்ப வோட்டுக்காகத்தான் போறனீங்களோ? எங்கட அப்பாவுக்கும் அப்பிடித்தான் வந்தனீங்களோ?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "தொடங்கினது வோட்டுக்குத்தான்" என்றார். "எப்ப மாறினது எண்டு தெரியாது. முழுசா மாறிச்சுதோ எண்டும் தெரியாது. இப்பவும் ஒரு அறைக்குள்ள போனா முதல்ல தலை எண்ணுவன். உன்ர அப்பாவுக்கும் எண்ணினனான். நல்ல சனம்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு சனிக்கிழமை நான் பேப்பர் வாசிக்கப் போகவில்லை. மூன்றாவது சனிக்கிழமை சுவரில் தடியால் தட்டினார், போனேன்.

இன்னொரு கதை பஸ்ஸில் சொன்னார். அவருடைய தகப்பன் சாகும்போது துரை சின்னப் பிள்ளை. துரையின் ஆட்கள் புரட்டஸ்தாந்துச் சபை, ஊர்ச் சனம் கத்தோலிக்கர். அந்தக் காலத்தில் கத்தோலிக்கர் மற்றச் சபையின் பூசைக்குள் போகக் கூடாது என்று அவர்களுடைய கோயில் தடுத்திருந்ததாம். அதனால் கோயிலுக்குள் துரையும் தாயும் சொந்தக்காரர் கொஞ்சப் பேரும் மட்டும். கிட்டத்தட்ட வெறுமை. தங்களை ஊருக்குப் பிடிக்காது என்று அந்தச் சின்னப் பிள்ளை நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. பூசை முடிந்து கதவைத் திறந்தால், மதிலோடு ஊர் முழுக்க நிற்கிறது. மழைக்குள், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, பூசை தொடங்கியதில் இருந்து அப்படியே நின்றிருக்கிறார்கள். ஒவ்வொருத்தராக வந்து சின்னத் துரைக்குக் கை கொடுத்தார்களாம். எல்லார் கையும் ஈரம்.

அதைச் சொல்லிவிட்டுப் பஸ் யன்னலைக் கைலேஞ்சியால் துடைத்தார். பிறகு, நாளைக்கு மழையா என்று கேட்கிற மாதிரி, "என்ர செத்தவீட்டுக்குச் சனம் வருமோ?" என்று கேட்டார்.

"வராமல்? நிறைய வரும்."

"அப்ப சின்ன அறையா எடுக்கச் சொல்லு. பெரிய அறை எடுத்துக் கதிரை வெறுமையாக் கிடந்தா மானம் போயிடும். எப்பவும் சின்னது. சனம் வெளியில நிக்க வேணும்."

ஓம் என்று சொல்லியிருந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை பேப்பரோடு போனேன். ரேடியோ பாடிக்கொண்டு இருந்தது. துரை கதிரையில் இருந்தார், ஒரு காலில் சப்பாத்து, மற்றது கையில். நித்திரை என்று நினைத்து, பக்கத்தில் இருந்து வாசிக்கவும் தொடங்கிவிட்டேன். பஸ் டிரைவர், மீன் கடை என்று ஒருவர் பெயரும் அன்றைக்கு வரவில்லை. அவர் கையையும் தூக்கவில்லை.

அவருடைய போனில் அவசரத்துக்கு என்று என் நம்பரைப் போட்டு வைத்திருந்தார். அதனால்தான் மகன் என்னைக் கூப்பிட்டார். "ஓகே" சொல்லி வைத்த பிறகு மனம் கேட்காமல் நான் திரும்பக் கூப்பிட்டேன். சின்னதாக ஒன்று செய்யலாமே என்று கேட்டேன்.

"என்ர பிறந்தநாள் ஒண்டுக்கும் அப்பா வீட்டில இருந்ததில்லை. எப்பவும் ஆரோ ஒருத்தற்ற செத்தவீடு. எனக்குச் செத்தவீடு கண்டது காணும், தம்பி" என்றார் மகன். அவருக்கும் என் பெயர் தம்பிதான். துரை சொல்லியிருக்கிறார்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பார்லருக்குப் போனேன். அப்பாவுக்குச் செய்த அதே இடம். பின்பக்கம்தான் எரிக்கும் இடம். முன்மேசையில் இருக்கும் மாவோரி அக்காவுக்குத் துரையை நன்றாகத் தெரியும்.

"எங்கட தேத்தண்ணியில பாதியை அந்த மனுசன்தான் குடிச்சது. சான்ட்விச் களவெடுக்கிறதையும் பாத்திருக்கிறன்" என்றார்.

"எப்ப எரிக்கிறீங்கள்? நான் வரலாமோ?"

"நீ குடும்பமோ?"

"இல்லை."

"அப்ப நேரம் சொல்ல ஏலாது. உள்ளுக்கும் விட ஏலாது. மகன் வேண்டாம் எண்டிட்டார்." கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "வியாழக்கிழமை காலமை பத்து மணிக்கு எங்கட கார் பார்க் சும்மாதான் கிடக்கும். அங்கை ஆரும் வந்து நிண்டா, ஏன் நிக்கிறாய் எண்டு நான் கேக்கமாட்டன்."

கதவு தட்டுவது எனக்கு வராது. அப்பாவின் பிள்ளை நான். ஆனாலும் தட்டினேன். இரண்டு வீட்டில் மின்சாரக் கம்பனி மாற்றச் சொல்லி வந்த ஆள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். யன்னலுக்குள்ளால் "லோர்ட் செத்துப்போனார்" என்று கத்தினேன். திறந்தார்கள்.

வியாழக்கிழமை தூறல். முதலில் நானும் பெரியம்மாவும் மட்டும். பெரியம்மா சேலைக்கு மேலே மழைக்கோட்டுப் போட்டிருந்தார்.

"கோயில் இல்லை, குருக்கள் இல்லை, கூரையும் இல்லை. தடிமன் பிடிச்சா ஆர் பாக்கிறது?" என்று புறுபுறுத்தார்.

பிறகு டெய்ரிக்காரர் வந்தார். சமோவாக் குடும்பம் குடைகளோடு வந்தது. பஸ் டிரைவர் வந்தார். வேர்ஹவுஸ் ஆட்கள் வந்தார்கள். மீன் கடைப் பெண்ணும் நர்ஸும் வந்தார்கள். எனக்குத் தெரியாத பலர் வந்தார்கள், யாருடைய செத்தவீட்டுக்கோ துரை போயிருப்பார். துரை என்றால் எண்ணியிருப்பார். நான் எண்ணவில்லை. எல்லோரும் மதிலோடு வரிசையாக நின்றோம். கொஞ்ச நேரத்தில் முன்மேசை அக்கா வெளியே வந்து, தொடங்கிவிட்டது என்று தலையை ஆட்டினார். பிறகு உள்ளே போகாமல் எங்களோடு நின்றார்.

யாருக்கும் அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. கை கொடுக்க வந்த சனம், ஆனால் யாருக்குக் கொடுப்பது? ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். பெரியம்மா என் முதுகில் கையை வைத்துத் தள்ளினார்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? முன்னுக்குப் போ. சனம் கை குடுக்க ஆள் வேணுமெல்லோ."

"நான் சொந்தமில்லையே பெரியம்மா."

"கொப்பருக்கு அந்தாள் சொந்தமோ? போய் நில்லடா."

நின்றேன். டெய்ரிக்காரர் முதலில் வந்தார். "உங்கட துன்பத்துக்கு வருந்துறன்" என்றார். அவருக்கும் அந்த வசனம்தான் தெரியும், துரையிடம் கேட்டது. பிறகு எல்லோரும் வந்தார்கள், எல்லோரும் அதையே சொன்னார்கள். எல்லார் கையும் ஈரமாக இருந்தது.

கடைசியாகப் பெரியம்மா. மழைக்கோட்டுக்குள் இருந்து வலது கையை வெளியே எடுத்தார். எனக்குத்தான் தருகிறார் என்று நினைத்துக் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அந்தக் கட்டடத்தின் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"போட்டு வாறன், துரை" என்றார்.

"பெரியம்மா, செத்தவீட்டில அப்பிடிச் சொல்லக் கூடாதெல்லோ?"

"அந்தாளுக்குத்தான் செத்தவீடு இல்லை எண்டு மகன் சொல்லிப்போட்டாரே" என்றார் பெரியம்மா. கையைத் துடைத்துக்கொண்டு, பஸ் வருகிறதா என்று பார்க்க ரோட்டுப் பக்கம் நடந்தார்.